எட்டாம் வகுப்புக்குப் பிறகு சிபிஎஸ்இயிலிருந்து ஐஜிசிஎஸ்இக்கு மாற்றலாமா?

ஷார்ஜாவாசி:
அனைவருக்கும் வணக்கம். மகள் ஷார்ஜாவில் சிபிஎஸ்இ பள்ளியில் எட்டாம் வகுப்பு படிக்கிறாள். எனக்குத் துபாயில் புதிய வேலை கிடைத்திருக்கிறது. பள்ளிக் கட்டணத்தில் பெரும்பகுதியை நிறுவனமே தரும் என்பதால் பிரிட்டிஷ் பள்ளியில் சேர்க்கலாம் என்று நினைக்கிறேன். அங்கே நம் பத்தாம் வகுப்புக்கு இணையான ஐஜிசிஎஸ்இ முடித்தபின் கடைசி இரண்டு ஆண்டுகளுக்குப் பிரிட்டிஷ் பாடத்திட்டமான ஏ லெவல், சர்வதேசப் பாடத்திட்டமான ஐபி இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம். மனைவிக்கு இதில் துளியும் விருப்பமில்லை. நாளைக்கே ஊருக்குத் திரும்ப நேர்ந்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்கிறார். மகளோ ஒரு மாதம் டாக்டர் என்கிறாள், மறு மாதம் கட்டடக் கலை என்கிறாள். அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

நாகர்கோவில்காரன்:
உங்கள் மனைவி சொல்வதைக் கேளுங்கள். இந்திய மருத்துவச் சேர்க்கைக்கான நீட் தேர்வு, சிபிஎஸ்இ பள்ளிகளில் படிக்கும் என்சிஇஆர்டி பாடநூல்களின் பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்புப் பாடங்களை ஒட்டியே நடக்கிறது. 720 மதிப்பெண்ணில் உயிரியலுக்கு மட்டும் 360. புத்தகத்தில் இருக்கும் வரியையே கொஞ்சம் புரட்டிப்போட்டுக் கேட்பார்கள். ஏ லெவல் படிக்கும் பிள்ளை பகலில் ஒரு பாடத்திட்டம், மாலையில் கோச்சிங் வகுப்பில் இன்னொன்று என்று ஓட வேண்டும்.

தேதியையும் பாருங்கள். நீட் பெரும்பாலும் மே மாதம் முதல் ஞாயிறு. ஐபி தேர்வுகள் ஏப்ரல் கடைசியில் தொடங்கி மே பாதியைத் தாண்டிப் போகும். ஏ லெவல் தேர்வுகள் மே, ஜூன் மாதங்களில். முடிவு வருவதோ ஆகஸ்டில். இங்கே கலந்தாய்வு தொடங்கிய பிறகும் அங்கே மதிப்பெண் வந்திருக்காது.

கணக்கு டீச்சர்:
எட்டாம் வகுப்புப் பிள்ளையைப் பற்றிக் கேட்டால் எடுத்த எடுப்பிலேயே நீட்டா? டாக்டர் ஆகாமல் போனால் அந்தப் பிள்ளை படித்த நான்கு ஆண்டுகளுக்கு மதிப்பே இல்லையா?

இரண்டு வகைப் பள்ளிகளிலும் சொல்லிக்கொடுத்தவள் நான். ஐஜிசிஎஸ்இ இயற்பியலில் செய்முறைத் தேர்வுக்குப் பதிலாக எழுதும் தாள் ஒன்று உண்டு. அம்மீட்டரின் முகப்பைப் படமாகப் போட்டு, முள் நிற்கும் இடத்தைப் படித்து எழுதச் சொல்வார்கள். அளவுகளை அட்டவணையில் இட்டு வரைபடம் வரைய வேண்டும். அதற்குமேல், இந்தச் சோதனையில் பிழை எங்கே நுழையும், அதைக் குறைக்க என்ன செய்வாய் என்று கேட்பார்கள். சிபிஎஸ்இயிலிருந்து வந்த ஒரு மாணவன் ஓம் விதியைக் கடகடவென்று சொன்னான்; முள் 0.35இல் நிற்க, 0.3 என்று எழுதிவைத்தான். புத்திசாலிப் பையன்தான். மீட்டரை ஒழுங்காகப் பார்க்கச் சொல்லி அவனிடம் அதுவரை யாரும் கேட்டதில்லை.

நாகர்கோவில்காரன்:
டீச்சர், நீங்கள் சொல்வது பழைய சிபிஎஸ்இ. இப்போது பத்தாம் வகுப்பு வினாத்தாளில் பாதிக் கேள்விகள் திறன் சார்ந்தவை. ஒரு பத்தியைக் கொடுத்து அதை வைத்து யோசித்து எழுதச் சொல்கிறார்கள். மனப்பாடம் செய்தவன் அங்கேயும் மாட்டிக்கொள்வான்.

தோஹா மலர்:
எங்கள் மகன் ஐபி முடித்தவன், அதனால் நான் கொஞ்சம் நீளமாகவே பேசுவேன். ஆறு பாடங்கள். அவற்றில் மூன்று உயர்நிலையில், அதாவது கூடுதல் ஆழத்தில். ஒவ்வொன்றுக்கும் ஏழு புள்ளி வீதம் 42, ஆய்வுக் கட்டுரைக்கும் அறிவுக் கோட்பாடு என்ற பாடத்துக்கும் சேர்த்து மூன்று, மொத்தம் 45. அந்த ஆய்வுக் கட்டுரை 4,000 சொற்கள் வரை போகும். கடல்நீரைக் குடிநீராக்கும் செலவு பற்றிப் பொருளாதாரத்தில் எழுதினான். முதல் வரைவைப் பார்த்துவிட்டு ஆசிரியர் கேட்டது ஒரே கேள்வி: "இதில் உன் வாதம் எங்கே?" அன்று இரவு அவன் சாப்பிடவில்லை. கல்லூரிக்குப் போனபின் முதல் கட்டுரையைப் பதற்றமில்லாமல் எழுதியபோதுதான் அதன் அருமை எங்களுக்கே தெரிந்தது.

பள்ளியில் ஆசிரியர் இல்லாத தாய்மொழியின் இலக்கியத்தைச் சுயமாகப் படித்துத் தேர்வெழுதவும் ஐபியில் வழி வைத்திருக்கிறார்கள்.

ஜெர்மனி போக நினைப்பவர்களுக்கு இன்னொரு செய்தி. சிபிஎஸ்இ பன்னிரண்டாம் வகுப்பு மட்டும் இருந்தால் அங்கே நேரடியாகப் பட்டப்படிப்பில் சேர முடியாது. ஐஐடி நுழைவுத் தேர்வான ஜேஇஇ அட்வான்ஸ்டில் தேறியிருக்க வேண்டும், இல்லை இந்தியப் பல்கலைக்கழகத்தில் ஓராண்டு படித்துத் தேறியிருக்க வேண்டும், அதுவும் இல்லையென்றால் அங்கே போய் ஆயத்தப் படிப்பு படிக்க வேண்டும். பாடங்களை அவர்கள் விதிப்படி தேர்ந்தெடுத்திருந்தால் ஐபி பட்டயம் நேரடியாகவே செல்லும்.

நாகர்கோவில்காரன்:
மலர் அக்கா, எல்லாம் சரி. ஐபியில் இயற்பியல், வேதியியல், உயிரியல் மூன்றையும் சேர்த்து எடுக்க முடியுமா? இந்தியாவில் மருத்துவம் படிக்க மூன்றும் வேண்டுமே.

தோஹா மலர்:
என் மகனுக்கு அது தேவைப்படவில்லை தம்பி. டீச்சர்தான் சொல்ல வேண்டும்.

கணக்கு டீச்சர்:
வழக்கமான அமைப்பில் முடியாது. அறிவியல் பிரிவில் ஒன்று, கலைப் பாடத்துக்குப் பதிலாக இன்னொன்று. ஆக இரண்டு அறிவியல்தான். பல்கலைக்கழகச் சேர்க்கைக்கு மூன்றும் கட்டாயம் என்று காட்டி, பள்ளி வழியாக ஐபியிடம் முன்கூட்டியே விதிவிலக்கு வாங்கலாம். பதினொன்றாம் வகுப்பு தொடங்கிய பிறகு அலைந்தால் தாமதம். இந்த இடத்தில் நாகர்கோவில் சார் சொல்வது நியாயம்.

ஆனால் ஏ லெவலில் அந்தத் தடை கிடையாது. மூன்றையும் தாராளமாக எடுக்கலாம். ஒரே எச்சரிக்கை, நீட் தகுதிக்கு ஆங்கிலமும் கேட்கிறார்கள். மூன்று அறிவியலை மட்டும் எடுத்துவிட்டு ஆங்கிலத்துக்கு என்ன சான்று காட்டுவது என்று கடைசியில் திண்டாடக் கூடாது.

இன்னொன்றையும் கேட்டுக்கொள்ளுங்கள். கேம்பிரிட்ஜ் வாரியத்தின் ஐஜிசிஎஸ்இ கணிதத்தில் கோர் (அடிப்படை), எக்ஸ்டெண்டட் (விரிவு) என்று இரண்டு நிலை உண்டு. கோர் எழுதினால் எவ்வளவு நன்றாக எழுதினாலும் சி கிரேடுக்கு மேல் வராது. புதிதாக வரும் பிள்ளையைப் "பாதுகாப்பாக" கோரில் போட்டுவிடும் பள்ளிகள் இருக்கின்றன. எனக்கு அதில் கோபம் உண்டு.

அபுதாபி செல்வி:
நீங்கள் எல்லோரும் பாடத்தைப் பற்றியே பேசுகிறீர்கள். கட்டணத்தைத் தருவது நிறுவனம். வேலை போனால் அதுவும் போகும். பத்தாம் வகுப்புக்கு நடுவில் அப்படி நேர்ந்தால் பிள்ளையை எந்தப் பள்ளியில் சேர்ப்பது? பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வுக்குச் சிபிஎஸ்இயில் ஒன்பதாம் வகுப்பிலேயே பதிவு செய்துவிடுகிறார்கள். வேறு வாரியத்திலிருந்து நேராகப் பத்தில் நுழைவது சுலபமில்லை. ஐஜிசிஎஸ்இயை முழுதாக முடித்துவிட்டால் இந்தியப் பல்கலைக்கழகங்களின் சங்கம் தரும் சமநிலைச் சான்றோடு ஊரில் பிளஸ் ஒன் சேரலாம். பாதியில் விட்டால்தான் ஆபத்து.

நாகர்கோவில்காரன்:
செல்வி சொன்னதை மனைவியிடம் காட்டாதீர்கள் சார், அப்புறம் துபாய் வேலையே வேண்டாம் என்பார்!

ஒன்றை மட்டும் சேர்த்துக்கொள்கிறேன். வளைகுடாவில் வேலை செய்யும் இந்தியர்களின் பிள்ளைகளுக்குத் தேசியத் தொழில்நுட்பக் கழகங்களான என்ஐடிகளில் வெளிநாட்டு மாணவர் சேர்க்கையின் கீழ் கட்டணச் சலுகையுடன் தனி இடங்கள் இருக்கின்றன. பொறியியல் நுழைவுத் தேர்வான ஜேஇஇ மெயினில் தரவரிசை வேண்டும். அதற்கும் பயிற்சி என்சிஇஆர்டிதான்.

ஷார்ஜாவாசி:
எல்லோருக்கும் நன்றி. மகளையும் உட்காரவைத்துப் படித்துக் காட்டினேன். டாக்டருக்கு உயிரியல், கட்டடக் கலைக்குக் கணிதம், இரண்டையும் இப்போதைக்கு விட மனமில்லை என்கிறாள். சிபிஎஸ்இயில் பதினொன்றாம் வகுப்பில் கணிதத்தோடு உயிரியலும் சேர்ந்த பிரிவு இருக்கிறது. அதனால் பத்து வரை இங்கேயே படிக்கட்டும், பிறகு அந்தப் பிரிவிலேயே தொடர்வதா, ஏ லெவலுக்கு மாற்றுவதா என்று பார்க்கலாம் என யோசிக்கிறேன்.

கணக்கு டீச்சர்:
எனக்கு இதில் உடன்பாடில்லை. பதினாறு வயதில் மாறும் பிள்ளைக்கு அங்கே விடை எழுதும் முறை பழகவே ஓராண்டு ஆகும். ஏ லெவலோ இரண்டே ஆண்டுகள். மாற்றுவதென்றால் இப்போதே மாற்றுங்கள். மார்ச்சில் எட்டாம் வகுப்பு முடிந்ததும் ஏப்ரலில் அங்கே ஒன்பதாம் ஆண்டின் (நம் எட்டாம் வகுப்புக்கு இணை) கடைசிப் பருவத்தில் இடம் கேளுங்கள். பத்தாம் ஆண்டு ஆகஸ்ட் கடைசியில் தொடங்கும்போது அவளுக்குப் பள்ளி பழகியிருக்கும்.

நாகர்கோவில்காரன்:
மாற்றவே வேண்டாம் என்பதில் நான் மாறவில்லை.

தோஹா மலர்:
மாற்றினாலும் மாற்றாவிட்டாலும், பணம் கட்டுவதற்கு முன் அந்தப் பள்ளியிடம் ஒன்றைக் கேளுங்கள் சார்: இயற்பியல், வேதியியல், உயிரியல், கணிதம் நான்கையும் ஏ லெவலில் எடுக்க அவர்களுடைய கால அட்டவணையில் இடம் இருக்கிறதா? மூன்றுக்கு மேல் அனுமதிக்காத பள்ளிகளும் உண்டு. பதிலை மின்னஞ்சலில் வாங்கிக்கொள்ளுங்கள்.