கோடி கிலோமீட்டர் கணக்கை மனதில் வாங்குவது எப்படி?

இரவுவானம்:
சூரியனிலிருந்து பூமி 15 கோடி கி.மீ., நெப்டியூன் 450 கோடி கி.மீ. என்று படிக்கிறேன், ஆனால் படித்து முடித்ததும் இரண்டுமே 'ரொம்ப தூரம்' என்று ஒரே மாதிரிதான் படுகிறது. புத்தகப் படங்களில் கோள்கள் எல்லாம் பக்கத்துப் பக்கத்தில் நிற்பது வேறு குழப்புகிறது. விண்கலங்கள் எவ்வளவு வெட்டவெளியைத் தாண்டிப் போகின்றன என்று எப்படிப் புரிந்துகொள்வது?

வால்மீன்:
முதலில் அந்தப் படங்களை மறந்துவிடுங்கள். கோள்களின் அளவையும் தூரத்தையும் ஒரே விகிதத்தில் போட்டால் எந்தப் பக்கத்திலும் அடங்காது. சூரியனை 1 மீட்டர் அகலப் பந்து என்று வைத்துக்கொள்ளுங்கள். பூமி 9 மி.மீ. மணி, 107 மீட்டர் தள்ளி இருக்கும். மனிதர்கள் நேரில் போய் இறங்கிய ஒரே இடமான நிலா, அந்த மணியிலிருந்து வெறும் 28 செ.மீ. நெப்டியூனுக்கு 3.2 கி.மீ. போக வேண்டும். அடுத்த நட்சத்திரமான பிராக்சிமா சென்டாரி? கிட்டத்தட்ட 29,000 கி.மீ.

அலைவரிசை:
எனக்கு கி.மீ.யைவிட சிக்னல் போய்ச் சேரும் நேரம்தான் உறைக்கும். 2023 நவம்பரில் நாசாவின் வாயேஜர் 1 விண்கலம் திடீரென்று புரியாத தரவுகளை அனுப்ப ஆரம்பித்தது, கணினியில் ஒரு மெமரி சிப் பழுது. மாதக்கணக்கில் மண்டையை உடைத்துக்கொண்டு, நிரலை வேறு இடத்துக்கு மாற்றும் கட்டளையை 2024 ஏப்ரல் 18 அன்று அனுப்பினார்கள். ஒளி வேகத்தில் போயும் அது சேர இருபத்திரண்டரை மணி நேரம், பதில் வர அதே அளவு. வேலை செய்ததா என்று தெரிய 20ஆம் தேதி ஆகிவிட்டது. 1977இல் கிளம்பி, இன்றும் நொடிக்கு 17 கி.மீ. வேகத்தில் ஓடும் கலம் அது!

துணைக்கோள்:
இன்னொன்று, இந்தத் தூரங்கள் நிலையானவை அல்ல. செவ்வாய் நமக்குச் சுமார் 5.5 கோடி கி.மீ. வரை நெருங்கும், 40 கோடி வரை விலகும், அதனால்தான் அங்கே கலம் அனுப்ப 26 மாதங்களுக்கு ஒருமுறைதான் நல்ல வாய்ப்பு. அப்புறம், வேகமாகப் போனால் தீர்ந்தது என்றும் இல்லை. 2006இல் ஏவிய நியூ ஹொரைசன்ஸ் விண்கலம் வியாழனின் ஈர்ப்பால் வேகம் கூட்டியும் புளூட்டோவுக்கு 2015 ஜூலையில்தான் போனது, பிரேக் போட எரிபொருள் இல்லாததால் நிற்காமல் கடந்துவிட்டது. அந்தச் சந்திப்பில் சேர்த்த தரவு முழுவதும் பூமிக்கு வந்து சேர 2016 அக்டோபர் ஆனது.

தொலைதூரக் கலங்களோடு பேசும் நாசாவின் ஆன்டெனா வலையமைப்பான டீப் ஸ்பேஸ் நெட்வொர்க்கின் இணையப் பக்கத்தைத் திறந்து பாருங்கள். எந்த ஆன்டெனா எந்தக் கலத்தோடு பேசுகிறது, சிக்னல் போய்வர எவ்வளவு நேரம் என்று நேரலையாகவே காட்டும்.