மனையியல் பணித்தாள்: பத்து விழுக்காடு எங்கே இடிக்கிறது?

சுங்கை சிப்புட் மாணவி:
அக்கா, அண்ணன்மார்களே, வணக்கம். மனையியல் இரண்டாம் செமஸ்டர். சின்னப் பல்கலைக்கழகம், வகுப்பில் 14 பேர்தான். பின்னிணைப்பைக்கூட விரிவுரையாளர் வரிவரியாகப் படிப்பார். ஒரு தோட்டத் தொழிலாளர் குடும்பத்தின் வரவுசெலவை ஆராயணும். அவர்கள் தவணையில் ஐஸ்பெட்டி வாங்கியிருக்கிறார்கள்: விலை 1,200 ரிங்கிட், முன்பணம் 120, மீதிக்கு ஆண்டுக்கு 10% வட்டி, 24 மாதம். நான் வட்டி 10% என்று எழுதியதை விரிவுரையாளர் சுழித்துத் திருப்பிவிட்டார். ஏன்? இன்னொன்று, ஐந்தாம் மாதமே பெட்டி குளிரவில்லை. பில்லில் ‘விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது’ என்று முத்திரை. அதை எப்படி எழுதுவது?

வரவுசெலவு அண்ணன்:
தங்கச்சி, முதலில் 1,200க்கு வட்டி போடாதே, கடன் 1,080தான். அதில் 10%, இரண்டு ஆண்டுக்கு 216. மொத்தம் 1,296, மாதம் 54. இதுவரை கடைக்காரர் கணக்கு. அந்த 54ஐ உடைத்துப் பார்: 45 அசல், 9 வட்டி. கடைசி மாதம் பாக்கி நிற்கும் அசல் வெறும் 45 ரிங்கிட். அந்த 45க்கும் 9 ரிங்கிட் வட்டி! கடன் மாதாமாதம் கரைகிறது, வட்டி மட்டும் முழு 1,080க்கே ஓடுகிறது. அதனால் உண்மை வட்டி ஆண்டுக்கு 18%க்குச் சற்று மேல். எக்செலில் ‘ரேட்’ சூத்திரத்தில் 24, கழித்தல் 54, 1080 என்று கொடுத்து, வருவதை 12ஆல் பெருக்கு. கழித்தல் குறியை விட்டால் பிழை காட்டும். அறிக்கையில் இரண்டு விகிதத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வை. கையெழுத்துப் போடும்போது அந்தக் குடும்பத்துக்கு எது தெரியாமல் போனது என்பது அங்கேதான் தெரியும்.

பாரிட் புந்தார் டீச்சர்:
அந்த முத்திரைக்குப் பயப்படாதேம்மா. மலேசியாவின் 1999ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின் 32ஆம் பிரிவு, பொருள் ஏற்கத்தக்க தரத்தில் இருக்கணும் என்கிறது. அந்த உரிமையைப் பில்லில் எழுதி அழிக்க முடியாது. அது 6ஆம் பிரிவு. முதலில் கடைக்குத் தேதியிட்ட கடிதம் கொடுத்துப் பழுது பார்க்கச் சொல்லணும், நகலை வைத்துக்கொள்ளணும். நியாயமான காலத்தில் செய்யவில்லை என்றால் பயனீட்டாளர் தீர்ப்பாயத்துக்குப் போகலாம்: ‘பாரம் 1’, 5 ரிங்கிட் கட்டணம், 50,000 ரிங்கிட் வரை கோரலாம், பிரச்சினை எழுந்த நாளிலிருந்து 3 ஆண்டுக்குள். பொதுவாக வக்கீல் வைக்க அனுமதி இல்லை. தவணையை நிறுத்தச் சொல்லி மட்டும் பரிந்துரைக்காதே. பெட்டியைக் கடைக்காரர் இழுத்துப்போக அதுவே வழி.

செக்ரோல் அக்கா:
வரவுப் பக்கம் பார்த்தாயா தங்கச்சி? மொத்தச் சம்பளத்தை வரவு என்று போட்டால் எல்லாமே சாயும். செக்ரோலில், அதாவது தோட்டத்துச் சம்பளப் பதிவேட்டில், ஊழியர் சேமநிதி 11%, சொக்சோ (சமூகப் பாதுகாப்புச் சந்தா), மாத நடுவில் எடுத்த அட்வான்ஸ் எல்லாம் கழித்துத்தான் கைக்கு வரும். அட்வான்ஸும் வரவுதான், அதைத் தனியாகப் பதி. இல்லையென்றால் பணம் எங்கிருந்தோ வந்து எங்கேயோ போனது போலத் தெரியும்.

‘மாதம் உணவுக்கு எவ்வளவு?’ என்று கேட்காதே, யாருக்கும் சரியாகச் சொல்ல வராது. மளிகைக்கடையில் கடன் எழுதும் 555 புத்தகத்தை வாங்கிப் பார். மார்ச்சில் எழுதிய அரிசி மார்ச் செலவு. ஏப்ரலில் கட்டியது பழைய கடனை அடைத்தது. இரண்டையும் செலவில் போட்டால் அரிசி இரட்டிப்பாகும். ரொக்கத்தில் வாங்கிய மீன், காய்கறி அந்தப் புத்தகத்தில் இருக்காது. அதற்குச் சம்பள நாளிலிருந்து ஏழு நாள், பிறகு மாதக் கடைசி ஏழு நாள், தினமும் சாயங்காலம் எழுதச் சொல். ஒரே வாரத்தை நான்கால் பெருக்காதே: சம்பள வாரத்துச் சட்டி வேறு, கடைசி வாரத்துச் சட்டி வேறு.

சுங்கை சிப்புட் மாணவி:
நன்றி அக்கா. ஐஸ்பெட்டித் தவணை 54ஐ முழுக்கச் செலவில் போடலாமா?

செக்ரோல் அக்கா:
வேண்டாம். 9 வட்டிதான் செலவு, 45 கடன் அடைப்பு. ரொக்க ஓட்டத் தாளில் மட்டும் 54ஐ அப்படியே வை.