புதுப்பிப்பு: மகனின் மலச்சிக்கலுக்கும் சீலியாக் நோய்தான் காரணம்

மகளுக்குச் சீலியாக் (கோதுமையிலுள்ள குளூட்டன் என்ற புரதத்தால் சிறுகுடல் பாதிக்கப்படும் நோய்) உறுதியான பின், வயிற்றுப்போக்கே இல்லாத மகனின் தீராத மலச்சிக்கலும் வாய்ப்புண்ணும் அதனால் இருக்குமோ என்று இங்கே கேட்டிருந்தேன். பதிலளித்த அனைவருக்கும் நன்றி.

கோதுமையை நிறுத்துவதற்கு முன்பே சீலியாக்கைக் காட்டும் எதிர்ப்பொருளை அளக்கும் டிடிஜி-ஐஜிஏ இரத்தப் பரிசோதனையை, மொத்த ஐஜிஏ (அந்த வகை எதிர்ப்பொருள் முழுவதும்) அளவுடன் சேர்த்துச் செய்யச் சொன்ன யோசனைதான் கைகொடுத்தது. டிடிஜி மிக அதிகமாக இருந்ததால் எண்டோஸ்கோப்பி செய்தார்கள். சிறுகுடலின் முற்பகுதியில் எடுத்த திசுவில் குடலுறிஞ்சிகள் (சத்தை உறிஞ்சும் விரல் போன்ற நுண்ணிய நீட்சிகள்) தேய்ந்திருந்தன. நெருங்கிய இரத்த உறவினரில் ஏறத்தாழ 10 பேரில் ஒருவருக்கு இது வரக்கூடும் என்பதால் நானும் கணவரும் பரிசோதித்துக்கொண்டோம், எங்களுக்கு இல்லை.

கோதுமையை விட்ட 2 மாதங்களில் மலச்சிக்கல் தீர்ந்தது, வாய்ப்புண் மட்டும் திரும்பத் திரும்ப வந்தது. நாங்கள் சற்றும் எதிர்பாராதது, ரசத்தில் போட்ட கூட்டுப் பெருங்காயம்: டப்பாவின் பின்புறம் பொடி எழுத்தில் மைதா என்றிருந்தது. அரிசி மாவு சேர்த்ததை வாங்கத் தொடங்கிய பிறகு புண் வரவில்லை.