திருகோணமலையில் இருந்தே லொஜிஸ்டிக்ஸ் துறைக்குள் போகலாமா? சம்பளம், படிப்பு, வாய்ப்பு

உவர்மலை:
வணக்கம். தம்பி ஏ.எல் வணிகப் பிரிவு முடித்துவிட்டு லொஜிஸ்டிக்ஸ்தான் படிப்பேன் என்று நிற்கிறான். இணையத்தில் பார்த்தால் வருடத்துக்கு 79,400 டொலர் என்று இருக்கிறது. இங்கே யாரும் அப்படிச் சொல்லவில்லை. கொழும்புக்குப் போகாமல் இங்கேயே தொடங்கலாமா? எதைப் படிக்கச் சொல்வது? சம்பளம் பேசும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

கொட்டியாரம்:
அந்தத் தொகை, ‘லொஜிஸ்டிஷியன்’ என்ற பதவிக்கு அமெரிக்கத் தொழிலாளர் திணைக்களம் காட்டிய 2023 மே மாத இடைநிலைச் சம்பளம். அங்கே அந்தப் பதவி பெரும்பாலும் பட்டதாரிகள் செய்யும் திட்டமிடல், பகுப்பாய்வு வேலை. நம்ம ஊரில் வார்ஃப் கிளார்க், ஸ்டோர்ஸ், லொறி ஒழுங்கு, கப்பல் முகவர் வேலை எல்லாவற்றுக்கும் ‘லொஜிஸ்டிக்ஸ்’ என்றுதான் விளம்பரம் போடுகிறார்கள். எந்த மேசை என்று கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகு சம்பளத்தைப் பேசுங்கள்.

கொள்கலன் வேலை என்றால் கொழும்புதான். திருகோணமலைத் துறைமுகம் மொத்தச் சரக்குக்கானது, அதாவது கொள்கலனில் அடைக்காமல் கப்பலில் அப்படியே கொட்டி ஏற்றும் சரக்கு: பிறிமா மாவு ஆலைக்குக் கோதுமை, டோக்கியோ சிமெந்துக்கு அரைக்கும் மூலப்பொருளான கிளிங்கர், சீனன்குடா தாங்கிகளுக்கு எண்ணெய். கொள்கலன் தெரிந்தவர்கள் கொழும்பில் நிறைய இருக்கிறார்கள், மொத்தச் சரக்கின் நேரக் கணக்குத் தெரிந்தவர்கள் குறைவு. அதனால் இங்கேயே தொடங்கட்டும் என்பேன்.

அந்தக் கணக்கு இப்படி. 27,500 தொன் சரக்கு, நாளுக்கு 5,000 தொன் இறக்குவதாக ஒப்பந்தம் என்றால் இறக்கக் கிடைக்கும் காலம் ஐந்தரை நாள். அதற்கு மேல் போனால் டிமரேஜ், அதாவது கப்பலைத் தாமதப்படுத்தியதற்குக் கட்டும் பணம். ஒரு பேச்சுக்கு நாளுக்கு 12,000 டொலர் என்று வையுங்கள், மணிக்கு 500 ஆகிறது. மாரியில் மழை வந்தால் ஹட்ச், அதாவது சரக்கறையின் வாய், மூட வேண்டும், கோதுமை நனைந்தால் பூஞ்சணம் பிடிக்கும், கிளிங்கர் நனைந்தால் பழுதாகும். ‘வானிலை உகந்த வேலைநாள்’ என்ற விதி ஒப்பந்தத்தில் இருந்தால் அந்த நேரம் கணக்கில் சேராது. ஆனால் கப்பலில் எழுதும் நிகழ்வுப் பதிவில் ‘பிற்பகல் மழை’ என்று மட்டும் இருந்தால் எதையும் கழிக்க முடியாது. ‘14.20 ஹட்ச் மூடியது, 16.50 திறந்து வேலை தொடங்கியது’ என்று எழுதி, கப்டனின் கையொப்பமும் வாங்கியிருந்தால் இரண்டரை மணித்தியாலம், 1,250 டொலர் மிச்சம். ஐந்தரை நாளும் முடிந்து டிமரேஜ் ஓடத் தொடங்கினால் பிறகு பெய்யும் மழைக்குப் பொதுவாகக் கழிவு இல்லை. அதனால் முதல் நாட்களின் பதிவுதான் மிக முக்கியம்.

அலைவாய்:
இதோடு டிராஃப்ட் சேர்வேயும், அதாவது கப்பல் நீரில் அமிழும் ஆழத்தை வைத்துச் சரக்கின் எடையைக் கணிப்பதும், பழக வேண்டும். முன், நடு, பின் என்று இரு பக்கமும் ஆறு இடத்தில் நீர்மட்டம் வாசித்து, பலாஸ்ட் (கப்பலின் சமநிலைக்கு ஏற்றும் நீர்), எரிபொருள், நன்னீர் கழித்துத்தான் சரக்கின் எடை எடுப்பார்கள். கூடப் பிழைக்கும் இடம் நீரின் அடர்த்தி. கடல்நீர்தானே என்று 1.025 போட்டுவிடுவார்கள். கொட்டியாரக் குடாவில் மகாவலி வந்து விழுகிறது, மாரியில் மேல்நீரின் உப்பு குறையலாம். உண்மையில் 1.020 இருந்தால், 40,000 தொன் இடப்பெயர்வுள்ள கப்பலில் 195 தொன் வித்தியாசம் வரும். வாளியில் நீர் எடுத்து, அடர்த்தி அளக்கும் ஹைட்ரோமீட்டரை விட்டு, அந்த இடத்திலேயே வாசிக்க வேண்டும். சேர்வேயர் வாசிக்கும்போது பக்கத்தில் நின்று தம்பியும் தனியாக எழுதிப் பழகட்டும்.

சாம்பல்தீவு:
படிப்பு: வேலையில் இருந்துகொண்டு சி.ஐ.எல்.ரி என்ற லொஜிஸ்டிக்ஸ், போக்குவரத்துத் தொழில்சார் நிறுவனத்தின் சான்றிதழில் தொடங்கிப் படிப்படியாக மேலே போகலாம். சரக்கு அனுப்பும் தொழில்தான் வேண்டும் என்றால் சரக்கு அனுப்புநர்களின் சர்வதேசச் சம்மேளனமான ஃபியாட்டாவின் டிப்ளோமா வெளிநாட்டிலும் செல்லும். காசு கட்டமுன் சான்றிதழ் தரும் நிறுவனத்திடமே பாடநெறிக்கு அங்கீகாரம் உண்டா என்று கேளுங்கள், வகுப்பு நடத்துபவரின் பேச்சை மட்டும் நம்ப வேண்டாம்.

சம்பளம்: கப்பல் வந்தால் ஓவர்டைம் கூடும், அதனால் கைக்கு வரும் தொகை பெரிதாகத் தெரியும். ஆனால் ஈ.பி.எஃப் என்ற ஊழியர் சேமலாப நிதியில் ஊழியரின் 8 வீதம், முதலாளியின் 12 வீதம், ஈ.ரி.எஃப் என்ற ஊழியர் நம்பிக்கை நிதியின் 3 வீதம் எதுவும் ஓவர்டைமுக்குக் கிடையாது. ஐந்து வருடம் கடந்தபின் வரும் பணிக்கொடையிலும் ஓவர்டைம் சேராது. அடிப்படைச் சம்பளம் எவ்வளவு என்று நியமனக் கடிதத்தில் எழுதி வாங்குங்கள். கப்பல் இல்லாத மாதத்தில் வீட்டுச் செலவு அதில்தான் ஓடும்.

வளைகுடாவுக்குப் போகும் எண்ணம் இருந்தால் கடிதத்தில் பதவிப் பெயரையும் பாருங்கள். ‘ஸ்டோர் கீப்பர்’ என்று இருந்தால் அங்கேயும் அதே மேசைதான் கிடைக்கும்.

உவர்மலை:
மிக்க நன்றி. சுங்க வேலை இப்போதே பழக வேணுமா? எக்செல் எவ்வளவு தெரிந்திருக்க வேணும்?

கொட்டியாரம்:
சுங்கத்தில் இரண்டு விஷயம் முதலில் போதும். ஒன்று எச்.எஸ் குறியீடு, அதாவது பொருளை வகைப்படுத்தும் சுங்க எண்: முதல் 6 இலக்கம் உலகம் முழுக்க ஒன்று, அதற்குப் பிறகு நாட்டுக்கு நாடு மாறும். விற்பவர் அனுப்பிய குறியீட்டை அப்படியே போட்டால் வரி பிழைக்கும். மற்றது, இங்கே தீர்வை சி.ஐ.எஃப் பெறுமதிக்கு, அதாவது சரக்கின் விலை, காப்புறுதி, கப்பற்கூலி மூன்றும் சேர்ந்த தொகைக்கு. எஃப்.ஓ.பி விலைக்கு (கப்பலில் ஏற்றும் வரைக்கும் மட்டுமான விலை) வாங்கிய சரக்கென்றால் கப்பற்கூலியும் காப்புறுதியும் சேர்த்துத்தான் காட்ட வேண்டும்.

எக்செலில் பிவட் அட்டவணை, தேடல் சூத்திரம், நேரக் கணக்கு தெரிந்தால் தொடங்கலாம். இராத்திரி 22.40-க்கு மழை தொடங்கி 01.10-க்கு விட்டால், வெறும் நேரத்தைக் கழிக்கும்போது கட்டம் முழுக்க ##### என்றுதான் வரும். ஒவ்வொரு நேரத்தோடும் திகதியையும் சேர்த்து அடித்தால் இரண்டரை மணித்தியாலம் சரியாக வரும். 24 மணித்தியாலம் தாண்டும் கூட்டுத்தொகைக் கட்டத்தில், மணியைச் சதுர அடைப்புக்குள் போடும் நேர வடிவத்தைத் தெரிவு செய்ய வேண்டும், இல்லையென்றால் 30 மணித்தியாலம் 6 என்று காட்டும்.