போக்கர் பழகுபவருக்கு முதல் பாடம் எது: கணக்கா, பிளஃபா?

இளவேனில்: டெக்சாஸ் ஹோல்டெம் (கையில் இரண்டு, நடுவில் பொதுவாக ஐந்து சீட்டுகளோடு ஆடும் போக்கர்) பழகுபவர்களிடம் "எதிராளியின் முகத்தைப் படி, துணிந்து பிளஃப் செய், அதாவது மோசமான கையிலும் நல்ல கை போலப் பந்தயம் கட்டு" என்று சொல்லித் தருவதை நிறுத்துங்கள். முதல் பாடம், சீட்டைக் கவிழ்த்துவிட்டு விலகுவது. கைக்கு வரும் இரண்டு சீட்டுகள் 1,326 விதமாக அமையலாம். அவற்றில் ஏஸ் ஜோடி 6 மட்டுமே. இதை உணராதவர் எல்லாக் கையையும் ஆடிச் சில்லுகளை இழக்கிறார்.

சீட்டுராணி: நல்ல கைக்கு மட்டுமே ஆடுபவர் என்று தெரிந்துவிட்டால், அவர் பந்தயத்தை உயர்த்தியதும் மற்றவர்கள் விலகிவிடுவார்கள். ஏஸ் ஜோடி வந்தும் கிடைப்பது பிளைண்டுகள் (சீட்டுக்கு முன்பே இருவர் கட்டாயமாகக் கட்டும் தொகை) மட்டும். எல்லோரும் விலகினால், மிஞ்சியவர் சீட்டைக் காட்டாமலே சில்லுகளை அள்ளலாம். போக்கரின் உயிரே அதுதான்.

இளவேனில்: பிளஃபுக்கும் விலை உண்டு. நடுவில் 100 சில்லுகள் இருக்கும்போது கையில் ஒன்றுமில்லாமல் 50 கட்டினால், மூன்றில் ஒரு முறைக்கு மேல் எதிராளி விலக வேண்டும். இல்லையேல் நட்டம். புதியவர்கள் கூடும் மேசையில் சின்ன ஜோடியோடு கடைசிவரை வருபவர்களே அதிகம்.

நடுமேசை: இருக்கையை இருவருமே விட்டுவிட்டீர்கள். டீலர் பட்டன் (கைக்குக் கை அடுத்தவரிடம் நகரும் வட்டு) யார் முன் இருக்கிறதோ, அவர் ஃபிளாப்புக்கு, அதாவது நடுவில் முதல் மூன்று பொதுச் சீட்டுகள் திறந்ததற்குப் பிறகு ஒவ்வொரு சுற்றிலும் கடைசியாக முடிவெடுக்கிறார். ஜாக்கியும் பத்தும் அங்கே ஆடத் தகுந்த கை; முதலில் பேச வேண்டிய இடத்தில் பெரும்பாலும் விலகுவதே மேல்.

சீட்டுராணி: சரியாகச் சொன்னீர்கள். அப்படிக் காத்திருந்து பார்ப்பது ஆட்களைத்தானே?

இளவேனில்: ஆட்களை அல்ல, அவர்கள் கட்டும் தொகையை. ஃபிளாப் விழுந்ததும் உங்களுக்கு ஒரே இனத்தில் நான்கு சீட்டுகள். காணாத 47 சீட்டுகளில் 9 உதவும். அடுத்த சீட்டிலேயே ஃபிளஷ் (ஒரே இனத்தில் ஐந்து சீட்டுகள்) அமைய வாய்ப்பு 19%. நடுவில் 100 இருக்க, எதிராளி 100 கட்டுகிறார். 200ஐ வெல்ல 100 கொடுக்கிறீர்கள், 33% தேவை. விலகுங்கள். அவரிடம் இருந்ததே அந்த 100தான் என்றால் மீதி இரண்டு சீட்டையும் பார்த்துவிடலாம், வாய்ப்பு 35%. அப்போது தொடருங்கள்.

சீட்டுராணி: அவரிடம் இன்னும் 500 இருந்தால்? நடுவில் அதே இனத்தில் மூன்றாவது சீட்டு விழுந்த பிறகும் விடாமல் கட்டுபவர் என்றால் 19% போதும். மிரண்டு விலகுபவர் என்றால் போதாது. இதை உங்கள் 47 சீட்டுகள் சொல்லாது.

இளவேனில்: நட்டமில்லாமல் ஆட, ஃபிளஷ் அமைந்த பிறகு அவரிடமிருந்து சராசரியாக இன்னும் 222 சில்லுகள் வர வேண்டும். அந்த எண் தெரியாமல் அவர் தருவாரா என்று யோசித்து என்ன பயன்?

சீட்டுராணி: எண்ணை ஏற்கிறேன். அவர் 222 தருவாரா என்பதை, முந்தைய கைகளில் அவரைக் கவனித்தவர்தான் சொல்ல முடியும். அதனால் விலகிய கையிலும் மேசையிலிருந்து கண்ணை எடுக்காதீர்கள் என்றே புதியவர்களுக்கு முதலில் சொல்வேன்.