ஹாலிவுட் நடிகர் மைக்கேல் ஷானனை முதலில் எதில் பார்த்தீர்கள்?

எனக்கு ‘போர்ட்வாக் எம்பயர்’ தொடர்தான். மதுவிலக்கு அதிகாரி வான் ஆல்டனாக வருவார், எந்நேரமும் விறைத்த கழுத்து, சிரிப்பென்பதே கிடையாது. முதல் சீசனில் ஞானஸ்நானம் கொடுக்கிறேன் பேர்வழி என்று கூட வேலை பார்க்கும் அதிகாரியையே ஆற்றில் முக்கி முக்கிக் கொன்றுவிடுவார், சபைக்காரர்கள் கரையில் நின்று பார்த்துக்கொண்டிருப்பார்கள். ராத்திரி ஒரு மணிக்கு ஹெட்போனோடு பார்த்தேன். லேப்டாப்பை மூடிப் படுத்தும் தூக்கம் வந்தபாடில்லை. யாரப்பா இந்த ஆள் என்று தேட ஆரம்பித்தது அன்றைக்குத்தான். உங்கள் கதையைச் சொல்லுங்கள்.

*

நான் சூப்பர்மேன் படமான ‘மேன் ஆஃப் ஸ்டீல்’ வழியாக வந்தவன். அதில் ஜெனரல் ஸாடாக வந்து அவர் போட்ட சத்தத்தில், சரி, இன்னொரு கத்துகிற வில்லன் என்று ஒதுக்கிவிட்டேன். அப்புறம் ஒருநாள் 1993-இல் வந்த ‘கிரவுண்ட்ஹாக் டே’யை டிவியில் போட்டார்கள். பில் மர்ரி மல்யுத்த டிக்கெட்டைப் பரிசாக நீட்டியதும் சந்தோஷத்தில் தலைகால் புரியாமல் போகிற புது மாப்பிள்ளை... அட, அதே முகம்! ஒல்லியான சின்னப் பையன். அவருக்கு முதல் படமே அதுதானாம்.

*

‘ரெவல்யூஷனரி ரோடு’ பார்த்தவர்கள் யாருமில்லையா? மொத்தமே சில காட்சிகள்தான், மனநல மருத்துவமனையிலிருந்து விருந்துக்கு வந்து, நாகரிகத்துக்காக எல்லோரும் விழுங்கி வைத்திருப்பதைப் போட்டு உடைக்கிற ஆள். அதற்கே ஆஸ்கர் பரிந்துரை. விருது ‘தி டார்க் நைட்’டில் ஜோக்கராக வந்த ஹீத் லெட்ஜருக்குப் போனது, அதில் குறை சொல்ல என்ன இருக்கிறது.

*

என்னைக் கேட்டால் ‘டேக் ஷெல்டர்’ (2011) முன்னால் மற்றதெல்லாம் அப்புறம்தான். ஓஹையோவில் ஒரு சாதாரணத் தொழிலாளி, காது கேளாத மகள், புயல் வரப்போவதாகக் கெட்ட கனவுகள், கடன் வாங்கிப் பதுங்குகுழியைப் பெரிதாக்குகிறார். தன் அம்மாவுக்கு வந்த நோய் தனக்கும் வந்துவிட்டதோ என்ற பயம் வேறு, அதை அவர் வாயால் சொல்வதைவிட முகத்தில் ஒளிப்பதுதான் அதிகம். முக்கால் படம் இப்படியே அடங்கிக் கிடப்பவர் ஊர் விருந்தில் மேசையைக் கவிழ்த்துப் போட்டு, புயல் வருகிறது, ஒருத்தருக்கும் தயாரிப்பு இல்லை என்று கத்துவார் பாருங்கள், அடுத்த நொடியே மனைவியும் மகளும் பார்ப்பதைப் பார்த்து உடைந்துபோவார். கத்தலை எத்தனையோ நடிகர்கள் செய்வார்கள். அந்த அவமானம்தான் என்னால் மறக்க முடியாதது. எங்கள் வீட்டில் அன்றிலிருந்து அவர் பெயர் புயல்காரர். “உங்க புயல்காரர் படமா, நான் தூங்கப் போறேன்” என்று என் மனைவி எழுந்துவிடுவாள்.

ஆனால் 2022-இல் பாடகர் தம்பதியைப் பற்றிய ‘ஜார்ஜ் அண்ட் டாமி’ தொடர் வந்தபோது அவள் எழுந்து போகவில்லை. ‘டேக் ஷெல்டர்’ படத்தில் மனைவியாக வந்த அதே ஜெசிகா சாஸ்டெயின்தான் ஜோடி, இருவரும் சொந்தக் குரலில் பாடியிருந்தார்கள். “இவருக்குப் பாடவும் வருமா?” என்று கேட்டவள் ஆறு பகுதியையும் பார்த்துவிட்டுத்தான் ரிமோட்டைக் கொடுத்தாள்.