சமையலறையில் பில்ட்-இன் சாதனங்கள்: பதித்துவிடலாமா, தனியாகவே வைத்துக்கொள்ளலாமா?

முல்லைக்கொடி, முடிச்சூர்:

அனைவருக்கும் வணக்கம். தாம்பரத்தை அடுத்த முடிச்சூரில் எங்கள் பழைய வீட்டை இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டி வருகிறோம். பூச்சு வேலை முடிந்துவிட்டது. அடுத்த வாரம் சமையல் மேடைக்குக் கிரானைட் அறுக்க ஆள் வருகிறார். அதற்குள், அடுப்பு, ஓவன், பாத்திரம் கழுவும் இயந்திரம், ஃபிரிட்ஜ் ஆகிய நான்கையும் அலமாரிக்குள் பதிக்கும் பில்ட்-இன் வகையில் வாங்குவதா, இதுவரை இருந்ததுபோல் தனித்தனியாக வைத்துக்கொள்வதா என்று முடிவு சொல்லும்படி அலமாரி செய்பவர் கேட்கிறார்.

சமையலறை பத்தடிக்கு எட்டடி. அதை ஒட்டி, துணி துவைக்கவும் பாத்திரம் தேய்க்கவும் நான்கடி அகலத்தில் ஒரு சர்வீஸ் ஏரியா உண்டு. வீட்டில் ஐந்து பேர். காலைச் சமையல் இன்றும் அம்மாவின் பொறுப்பு. அவருக்கு 68 வயது, உயரம் நான்கடி பத்தங்குலம். சோற்றைப் பானையில் பொங்கி, கஞ்சி வடித்துத்தான் எடுப்பார். கிரைண்டர் வாரத்தில் இரண்டு நாள் ஓடும். ஓவனை மகள் மாதத்தில் ஓரிரு முறை பயன்படுத்துவாள்.

எனக்குப் பில்ட்-இன் மீது ஆசை இருப்பதை நான் மறைக்கவில்லை. கை நுழையாத இடுக்குகளில் எண்ணெய்ப் பிசுக்கும் கரப்பான் பூச்சியும் சேர்வதை இருபது ஆண்டுகளாகத் துடைத்துத் துடைத்துச் சலித்துவிட்டேன். ஆனால் 2015 டிசம்பர் வெள்ளத்தில் பழைய வீட்டுக்குள் முழங்கால் அளவு நீர் புகுந்தபோது, ஃபிரிட்ஜை நான்கு பேர் சேர்ந்து தூக்கிச் சாப்பாட்டு மேசைமேல் ஏற்றியதால்தான் அது பிழைத்தது. இப்போது அடித்தளத்தை மூன்றடி உயர்த்தியிருக்கிறோம் என்றாலும், அந்த இரவு எனக்கு மறக்கவில்லை. நான்கையும் பதித்தால் செலவு ஏறக்குறைய இரண்டரை மடங்காகிறது. பயன்படுத்தி அறிந்தவர்கள் வழிகாட்டுங்கள்.

நொய்யல், கோயம்புத்தூர்:

ஆறு ஆண்டுகளாகப் பில்ட்-இன் அடுப்பும் ஓவனும் வைத்திருப்பவள் என்ற முறையில் எழுதுகிறேன். நான்கையும் ஒரே கேள்வியாகப் பார்க்காதீர்கள். ஒவ்வொன்றும் தினமும் எவ்வளவு நேரம் உழைக்கிறது, பழுதானால் அதை வெளியே எடுக்க வழி இருக்கிறதா என்று தனித்தனியே பாருங்கள்.

அடுப்பில் நீங்கள் முதலில் யோசிக்க வேண்டியது உயரம். சாதாரண அடுப்பை மேடைமேல் வைத்தால் பர்னர் நான்கைந்து அங்குலம் ஏறிவிடுகிறது. அதன்மேல் சோற்றுப் பானையும் ஏறினால், உங்கள் அம்மாவின் உயரத்தில் இருப்பவர்கள் தோளைத் தூக்கிக்கொண்டுதான் கிளற வேண்டும். மேடையில் துளை வெட்டிப் பதிக்கும் அடுப்பான ஹாப் மேடையோடு மேடையாக அமர்வதால் அந்த உயரம் குறைகிறது. என் மாமியாரும் வடிசோறுதான் சமைப்பவர். கொதிக்கும் பானையைத் துணி பிடித்துச் சாய்க்கும்போது அவருக்கு இருந்த பயம் ஹாப் வந்தபிறகு பெரிதும் குறைந்ததைக் கண்ணால் கண்டேன். அந்த ஒரு காரணத்துக்காகவே நான் அதை வாங்கியதில் எனக்கு வருத்தமில்லை.

குறை, சுத்தம் செய்வதில் இருக்கிறது. கஞ்சியோ பாலோ பொங்கி வழிந்தால் மேலே தெரிவது ஒரு பங்கு. பர்னர் துளை வழியாக உள்ளே இறங்கி அடித்தட்டில் காய்வது இன்னொரு பங்கு. பழைய அடுப்பைத் தூக்கிச் சாய்த்துவிட்டு மேடையைக் கழுவிவிடலாம். இதில் திருகு கழற்ற வேண்டும். ஒரு தைப்பொங்கலன்று பால் வழிந்து, தானாகப் பற்றும் அமைப்பு இரண்டு நாள் வேலை செய்யாமல் தீக்குச்சியை நாட வேண்டியதாயிற்று. கடைக்குப் போகும்போது உங்கள் இட்லிப் பானை, தோசைக்கல், பெரிய குக்கர் மூன்றின் விட்டத்தையும் அளந்துகொண்டு போங்கள். 60 செ.மீ. அகல ஹாப்பில் மூன்று பர்னர் என்று எழுதியிருக்கும். ஆனால் நம் பாத்திரங்கள் மூன்றும் ஒரே நேரத்தில் அதில் அமர்வதில்லை.

ஓவனை நெஞ்சுயரத்தில் பதித்தது வசதிதான். ஆனால் மாதத்தில் ஓரிரு முறை என்றால், அந்தப் பணத்துக்கு அது தகாது என்பது என் எண்ணம்.

மதுரை மெக்கானிக்:

சகோதரிக்கு வணக்கம். பதினெட்டு ஆண்டுகளாக வீட்டுச் சாதனங்களைப் பழுதுபார்த்து வருகிறேன். பதித்த சாதனம் கெட்டது, பதிக்காத சாதனம் நல்லது என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் நான் பார்த்த பில்ட்-இன் தொல்லைகளில் பெரும்பாலானவை இயந்திரத்தால் வந்தவை அல்ல. அதைச் சுற்றி அலமாரி செய்தவர் விட்ட இடத்தால் வந்தவை.

முதலில் ஹாப். ஒவ்வொரு மாடலுக்கும் கிரானைட்டில் வெட்டவேண்டிய துளையின் அளவு வேறு. பத்து ஆண்டு கழித்து அதே மாடல் கிடைக்காமல் போனால், பெரிய துளைக்குச் சிறிய ஹாப் பொருந்தாது; சிறிய துளையைப் பெரிதாக்கலாம், ஆனால் வீடு முழுக்கத் தூசியாகும். ஆகவே ஹாப்பை வாங்கி வீட்டில் வைத்த பிறகே துளை வெட்டச் சொல்லுங்கள். இன்னொன்று, சில இடங்களில் ஹாப்பின் மேல்தட்டான கண்ணாடியின் ஓரத்தைச் சுற்றிச் சிலிகோன் பசை பூசி ஒட்டிவிடுகிறார்கள். குமிழ் பழுதானால்கூடக் கண்ணாடியைக் கிளப்ப வேண்டியிருக்கும்; ஒட்டிய கண்ணாடியைக் கிளப்பும்போது அது உடைந்ததை நான் பார்த்திருக்கிறேன். ஹாப்புடன் வரும் நுரை நாடாவே போதும். சிலிண்டரை அடி அலமாரியில் வைப்பதாக இருந்தால், சமையல் எரிவாயு காற்றைவிடக் கனமானது என்பதை நினைவில் கொண்டு, கதவின் அடிப்பகுதியில் காற்றுத் துளைகள் விடவேண்டும். கசிந்த வாயு மூடிய அலமாரியின் தரையில் தேங்கி நிற்பதுதான் பெரிய ஆபத்து.

அடுத்தது ஃபிரிட்ஜ். அது உள்ளிருக்கும் வெப்பத்தை வெளியே தள்ளித்தான் குளிர்விக்கிறது. அடியிலிருந்து காற்று ஏறி மேலே வெளியேற வழியில்லாத பெட்டிக்குள் அடைத்தால் கம்ப்ரசர் ஓயாமல் ஓடும். பில்ட்-இன் ஃபிரிட்ஜ் வாங்குவோர் அதன் பெயர்த்தகட்டில் தட்பவெப்ப வகையைப் பார்க்கவேண்டும்: ‘டி’ என்றால் 43 டிகிரி வரையிலான சூழலுக்கும், ‘எஸ்டி’ என்றால் 38 டிகிரி வரையிலான சூழலுக்கும் வடிவமைத்தது. சென்னைப் புறநகரில் மே மாதம் 40 டிகிரியைத் தாண்டும் நாட்கள் உண்டு. உங்கள் வெள்ள அனுபவத்தையும் சேர்த்துப் பார்த்தால், ஃபிரிட்ஜைப் பதிக்கவே வேண்டாம் என்று உறுதியாகச் சொல்வேன்.

பாத்திரம் கழுவும் இயந்திரத்தில்தான் உங்களுக்கு உண்மையான சிக்கல் இருக்கிறது. மேடைக்கு அடியில் பதிக்கும் வகைக்கே ஏறத்தாழ 82 செ.மீ. உயரம் வேண்டும், தனியாக நிற்கும் வகை ஏறத்தாழ 85 செ.மீ. அம்மாவின் உயரத்துக்கு ஏற்ற மேடையோ 31, 32 அங்குலம், அதாவது 79 முதல் 81 செ.மீ. இயந்திரத்துக்காக மேடையை உயர்த்தினால் அம்மாவின் தோள் வலிக்கும். அம்மாவுக்காக இறக்கினால் இயந்திரம் நுழையாது. அதை வெளியே சர்வீஸ் ஏரியாவில் வைத்துக்கொள்ளுங்கள். அங்கே குழாயும் வடிகாலும் ஏற்கெனவே இருக்கும். முடிச்சூர்ப் பக்கத்து ஆழ்துளைக் கிணற்று நீர் கடினநீராக இருந்தால், அதை மென்மையாக்க இயந்திரத்துக்குரிய உப்பைத் தவறாமல் நிரப்பவேண்டும்; இல்லையென்றால் கண்ணாடிக் குவளைகளில் வெள்ளைப் படலம் படியும்.

ஹாப்புக்கு மாற்று ஒன்றும் உண்டு. அடுப்பு அமரும் இடத்தில் மட்டும் மேடையை நான்கங்குலம் இறக்கிக் கட்டுவார்கள். சாதாரண அடுப்பைப் பள்ளத்தில் வைத்தால் பர்னர் மேடை மட்டத்துக்கு வந்துவிடும். நொய்யல் அவர்கள் சொன்ன உயர வசதியும் கிடைக்கும், தூக்கிக் கழுவும் வசதியும் கிடைக்கும். பள்ளத்தை அடுப்பின் அளவைவிட இரு பக்கமும் மூன்றங்குலமாவது அகலமாக விடச் சொல்லுங்கள்.

நெக்கர்க் கரை, ஸ்டுட்கார்ட்:

பதினொரு ஆண்டுகளாக ஜெர்மனியில் வசிக்கிறேன். இங்கே பில்ட்-இன் முறை சிக்கலின்றி நடப்பதற்கு முக்கியக் காரணம், அலமாரியும் சாதனமும் ஒரே அளவு முறையைப் பின்பற்றுவதுதான். ஓவனுக்கும் பாத்திரம் கழுவும் இயந்திரத்துக்கும் 60 செ.மீ. அகலம், ஃபிரிட்ஜுக்கு 88, 122, 178 செ.மீ. என்று குழியின் உயரங்கள் பெரும்பாலும் நிலைத்துவிட்டன. பழையதை உருவிவிட்டு வேறு நிறுவனத்தின் புதியதைச் செருகலாம். நம் ஊரில் தச்சர் அங்குலத்தில் அளந்து, அன்றைக்கு வாங்கிய சாதனத்துக்கு ஏற்பச் செய்கிறார். அந்தச் சாதனம் போனால் அலமாரியும் போகிறது. ஆகவே இப்போது ஓவன் வாங்காவிட்டாலும், உட்புற அகலம் 56 செ.மீ., உயரம் 60 செ.மீ., ஆழம் 55 செ.மீ.க்குக் குறையாமல் நெஞ்சுயரத்தில் ஒரு திறந்த அறையைச் செய்துவையுங்கள். 16 ஆம்பியர் பிளக்கைப் பின்னால் வைக்காமல் பக்கத்து அலமாரிக்குள் வைக்கச் சொல்லுங்கள்.

முல்லைக்கொடி, முடிச்சூர்:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. இன்று அம்மாவைச் சுவரருகே நிற்கவைத்து, முழங்கையை மடக்கச் சொல்லி அளந்தேன். தரையிலிருந்து 36 அங்குலம் வந்தது. அவரிடம் கேட்காமலேயே மேடையை 34 அங்குலத்துக்குக் கட்ட ஒப்புக்கொண்டிருந்தோம் என்பதை நினைத்தால் வேதனையாக இருக்கிறது. இப்போது 31 அங்குலம் என்று மாற்றிவிட்டோம். பள்ளம் இறக்குவதாகச் சொன்னதும் அம்மாவின் முகம் மலர்ந்தது. ஃபிரிட்ஜ் தனியாகவே நிற்கும், இயந்திரம் சர்வீஸ் ஏரியாவுக்குப் போகிறது, ஓவனுக்கு அறை மட்டும் விடுகிறோம். ஒரு கேள்வி: 31 அங்குல மேடையில் பள்ளத்தின் அடி 27 அங்குலத்துக்கு வருகிறதே, அதன்கீழ் இழுப்பறை வைக்கலாமா?

மதுரை மெக்கானிக்:

தாராளமாக வைக்கலாம், சகோதரி. எரிவாயுக் குழாய் வரும் மூலையை மட்டும் விட்டுவிட்டு இழுப்பறையின் ஆழத்தைக் குறைக்கச் சொல்லுங்கள். ரப்பர்க் குழாய் இழுப்பறையில் உரசக்கூடாது, ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை அதை மாற்றும்போது கை நுழையவும் இடம் வேண்டும். கிரானைட் அறுக்க வருபவரிடம் பள்ளத்தின் நான்கு பக்கச் சந்திப்புகளையும் நீர் இறங்காதபடி பூசச் சொல்லி, ஒரு குடம் தண்ணீர் ஊற்றிச் சோதித்த பிறகு கூலியைக் கொடுங்கள்.